படலை மட்டும் வந்தவர்கள்

ரிஸ்வானா வீட்டு வாசல் படலையடியில் நாங்கள் ஆறேழு பெண்கள் நின்று அழுதுகொண்டிருந்தோம். பரிமளம் மாமி தலையில் கை வைத்தபடி நிலத்தில் குந்திவிட்டார். மில்லில் இருந்து அப்படியே ஓடி வந்தவர்கள் நாங்கள். எல்லோருடைய கையிலும் முழங்கை வரை அரிசிமா. கண்ணைத் துடைத்ததில் முகத்திலும் மா.

உள்ளேயிருந்து ரிஸ்வானா ஒரு பையோடு வந்தாள். பதினாறு வயதுப் பிள்ளை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏன் மாமி ஒப்பாரி வைக்கிறியள்? நாங்கள் இன்னும் சாகேல்லை" என்றாள்.

இந்தப் பத்தியில் மில் கதைகளை இத்தனை கிழமையும் சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டு, இந்த ஒரு காட்சியைத் தள்ளித் தள்ளியே வந்தேன். "மில்லக்கா, அடுத்த பகிடி என்ன?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிழமையும் பகிடி கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அது எங்களைப் பார்த்து நீங்கள் சிரிக்க வேண்டிய பகிடி.

சட்டி வரிசை

இன்றைக்குத்தான் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். என்ரை மனுசன் ஜேர்மனிக்குப் போகும்போது மா அரைக்கிற மில்லை என் தலையில் வைத்துவிட்டுப் போனார். யாழ்ப்பாண நகரத்தில், முஸ்லிம் சனம் இருக்கிற சோனகத் தெருவுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அந்த மில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அங்கே வந்த சனங்களின் வாயிலிருந்துதான்.

மின்சாரம் நின்றுபோன காலம் அது. புத்தூரில் இருந்த என் மச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சினைக் கொண்டுவந்து மில்லுக்குப் பூட்டித் தந்தார். மண்ணெண்ணெய் கிடைக்கிற நாளில் மட்டும் ஓடும். ஓடுகிற நாள் என்றால் விடியவே வாசலில் சட்டிகள் வரிசையாக இருக்கும். ஆள் நிற்கத் தேவையில்லை, சட்டி நின்றால் போதும். முதலில் அரிசி, பிறகு உழுந்து, கடைசியில் மிளகாய்த்தூள். தூள் அரைக்கத் தொடங்கினால் ஒழுங்கை முழுக்கத் தும்மும்.

எஞ்சின் சத்தத்தில் யாரும் மெல்லக் கதைக்க முடியாது. குடும்பத்து இரகசியமெல்லாம் தொண்டை கிழியக் கத்தித்தான் சொல்லவேண்டும். இதனால் எனக்குக் காது நிறையக் கதை. எனக்கு மட்டுமில்லை, ரிஸ்வானாவுக்கும்.

அவள் தகப்பன் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். தமையன் கலியாணம் முடித்துப் புத்தளத்தில் இருந்தான். வீட்டில் வாப்பா, உம்மா, இவள். பள்ளிக்கூடம் நடந்தும் நடவாமலும் இருந்த நேரம். அரிசிச் சட்டியை வரிசையில் வைத்துவிட்டு, மா மூட்டையில் சாய்ந்துகொண்டு, மட்டைக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டிருப்பாள்.

"வீட்டிலை இருந்து எழுதினால் என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"வீட்டிலை ஒரே வாப்பான்ரை மூச்சிழுப்புச் சத்தம், மில்லக்கா. இஞ்சை ஆக்கள் கத்திக் கத்திச் சொல்லீனம். எனக்கு எழுதச் சுகம்."

நாட்குறிப்பு என்றால் மறைத்து வைக்கிற சாமான் என்றுதான் பலர் நினைப்பார்கள். இவள் எழுதியது எல்லோருக்கும் சொந்தம். எஞ்சின் சூடேறினால் கொஞ்ச நேரம் நிற்பாட்டி ஆறவிடவேண்டும். அந்த நேரத்தில் பெண்கள் சுற்றி நின்று கேட்பார்கள்.

"எடியே, என்னை என்னெண்டு எழுதியிருக்கிறாய்?"

"பொறுங்கோ, வாசிக்கிறன்."

வாசிப்பாள். ஒருநாள் இப்படி வாசித்தாள்: "பரிமளம் மாமி விரத வெள்ளிக்கிழமையில் எங்கள் அரிசிக்குப் பின்னால் தன்ரை அரிசியைப் போடமாட்டா. நடுவில் வேறு யாருடைய அரிசியாவது ஓடி மில் சுத்தப்பட வேண்டுமாம். ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முட்டை வட்டிலப்பத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு, எப்போது சனிக்கிழமை பிறக்கும் என்று நித்திரை கொள்ளாமல் முழித்திருப்பா."

மில் அதிரச் சிரித்தோம். பரிமளம் மாமிதான் எல்லோரிலும் கூடச் சிரித்தார். "உவள் ஒற்றனடி! உவளின்ரை உம்மாட்டை இனி வட்டிலப்பத்துக்கு முட்டையைக் குறைக்கச் சொல்லவேணும்" என்றார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் தன் சட்டியை அவளின் சட்டிக்குப் பின்னால் வைக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் என் அரிசியைப் போட்டு ஓடவிட்டேன். அதை ஒரு நல்ல வேலை என்று அப்போது நினைத்தேன்.

ஆமி இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஒருநாள் ஹெலிகொப்டர் எங்கள் கூரைக்கு மேலே சுற்றிவிட்டுச் சுட்டது. எல்லோரும் மில் சுவரோடு ஒட்டிக் கிடந்தோம். அது போன பிறகு ரிஸ்வானா எழுதி வாசித்தாள். "மேலே இருக்கிறவனுக்கு மில்லின் கூரை தெரியுது. உள்ளே இருக்கிற சட்டிகள் தெரியாது. தெரிந்தால் சுட்டிருக்கமாட்டான்."

"உவள் ஆமிக்காரனுக்கும் இரங்குவாள்!" என்று பரிமளம் மாமி ஏசினார். ஏசிக்கொண்டே அவள் தலையில் கொட்டுண்ட மண்ணைத் தட்டிவிட்டார்.

அறுந்த செருப்பு

ரிஸ்வானா பயமே தெரியாதவள் என்று எழுதினால் அது பொய். ஷெல் விழுந்தால் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய துணிவு வேறு மாதிரி. எழுதியதை எழுதவில்லை என்று சொல்லமாட்டாள்.

துப்பாக்கியோடு ஒரு இயக்கப் பெடியன் மா வாங்க வந்தான். அவர்களுக்குச் சமைக்கிற இடத்துக்கு இடைக்கிடை எங்களிடம் மா எடுப்பார்கள். இருபது வயது இருக்குமோ என்னவோ. மாவை வாங்கிவிட்டுப் போகாமல் நின்றான்.

"ஆர் இஞ்சை எல்லாத்தையும் எழுதுறது?"

எழுதுவதும் கதைப்பதும் ஆபத்தாக இருந்த காலம். ஒரு வார்த்தைக்காகக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் எங்கள் பகுதியிலேயே இருந்தார்கள். பரிமளம் மாமி முந்திக்கொண்டார். "அவள் பள்ளிக்கூடப் பாடம் எழுதுறவள், தம்பி."

ரிஸ்வானா எழும்பி நின்றாள். "இல்லை அண்ணை. ஆக்களைப் பற்றித்தான் எழுதுறனான்."

"என்னைப் பற்றியும் எழுதினியோ?"

"ஓம். இப்பதான்."

"வாசி பாப்பம்."

கொப்பியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள். "இன்றைக்குத் துவக்கோடு ஒரு அண்ணை வந்தவர். வலது கால் செருப்பு அறுந்து சணல் கயிற்றால் கட்டியிருக்கு. சுடுமா மணம் வந்தபோது கண்ணை மூடித் திறந்தவர். அவருடைய அம்மா வீட்டில் பிட்டு அவிக்கிற நேரம் இதுவாக இருக்கும்."

அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

"செருப்பெல்லாம் எழுதவேணுமே?"

"பிழையெண்டால் சொல்லுங்கோ, வெட்டிவிடுறன்."

"பிழையில்லை" என்றான். மா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் ஒழுங்கை திரும்பும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு பரிமளம் மாமி சொன்னார்: "எனக்கு இடுப்பு நாரி விட்டுப்போச்சு. ஆராவது பிடிச்சுத் தூக்குங்கோடி." எல்லோரும் சிரித்தோம். சிரிக்கும்போது எங்களுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. எங்கள் பிள்ளை என்ற பெருமை. ஓம், எங்கள் பிள்ளை என்றுதான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை

மழைக்காலம் தொடங்குகிற மாதம். செவ்வாய்க்கிழமை என்பது நினைவிருக்கிறது, ஏனென்றால் பரிமளம் மாமிக்குச் செவ்வாயும் விரதச் சாப்பாடு. காலையில் இயக்கத்தின் ஒலிபெருக்கி பூட்டின வாகனம் ஒன்று போனது. முஸ்லிம் குடும்பங்களை மைதானத்துக்கு வரச் சொன்னது. ஏதோ கூட்டம் என்று நினைத்தோம். நிவாரணம் கொடுக்கப் போகிறார்கள் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

ரிஸ்வானாவின் அரிசிச் சட்டி வரிசையில் இருந்தது. மில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒழுங்கை முகப்பில் இருந்து ஓடிவந்தது எனக்குத் தெரிந்தது. ஏதோ சொன்னாள், சத்தத்தில் கேட்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டினேன்.

"எங்களைப் போகச் சொல்லிட்டாங்கள், மில்லக்கா."

"எங்கை?"

"யாழ்ப்பாணத்தை விட்டு. எல்லாரையும். ரெண்டு மணித்தியாலத்துக்கை மைதானத்துக்கு வரட்டாம். உடுப்பு ஒண்டு ரெண்டுதான் எடுக்கலாமாம். மிச்சமெல்லாம் விட்டுட்டுப் போகட்டாம்."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"வாப்பாவுக்கு இழுப்புத் தொடங்கிட்டுது. உம்மா நடுங்கிக்கொண்டிருக்கிறா. நான் ஒராள் வாப்பாவைப் பிடிப்பனோ, உம்மாவைப் பிடிப்பனோ, பையைத் தூக்குவனோ? மைதானம் மட்டும் எங்களோடை ஆராவது வாங்கோவன். நீங்கள் பக்கத்திலை நடந்தால் உம்மா பயப்பிடமாட்டா."

அவள் கேட்டது இவ்வளவுதான். வீட்டில் ஒளித்து வை என்று கேட்கவில்லை. எங்களுக்காகச் சண்டை பிடி என்று கேட்கவில்லை. பக்கத்தில் நடக்கச் சொன்னாள்.

"வாறம் பிள்ளை, நீ போய் ஆயத்தப்படுத்து" என்றேன். அவள் திரும்பி ஓடினாள்.

அவள் போன பிறகுதான் கதை தொடங்கியது. "எங்களையும் சேத்து ஏத்திப்போட்டாங்கள் எண்டால்?" என்றாள் ஒருத்தி. "ஏன் கூட வந்தனியள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?" என்றாள் இன்னொருத்தி. "ஆம்பிளையள் ஆராவது போகட்டும்" என்று பரிமளம் மாமி சொன்னார். ஆம்பிளையள் ஒருவரும் அன்றைக்கு ஒழுங்கையில் இல்லை. படலைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று நான் சொன்னேன். அது உண்மை. உண்மையைத் தேவைப்படுகிற நேரம் பார்த்து வெளியே எடுத்தேன், அதுதான் வித்தியாசம்.

ஆனாலும் போனோம். எல்லோரும் கிளம்பி அவள் வீட்டுப் படலைக்குப் போனோம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் செத்தவீடுகளில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதத்தைத் தூக்கினால் பின்னாலேயே அழுதுகொண்டு படலை மட்டும் வருவோம். அதற்குமேல் காலெடுத்து வைப்பதில்லை. நின்று, மாரடித்து அழுதுவிட்டு, திரும்பிப் போய்த் தலை முழுகுவோம். எத்தனை செத்தவீட்டில் அப்படி நின்றிருப்போம்! போகிறவர்களை வழியனுப்ப எங்களுக்குப் பழக்கப்பட்ட முறை அதுதான். எங்கள் காலுக்கு நிற்கிற இடம் தெரிந்திருந்தது.

நின்றோம். பரிமளம் மாமி "என்ரை ராசாத்தி, எங்களை விட்டிட்டுப் போறியே" என்று ராகம் எடுத்தார். அந்த ராகம் கேட்டால் மற்றவர்களுக்கும் தானாக அழுகை வரும். வந்தது. உள்ளே மூன்று உயிருள்ள மனிதர் புறப்பட்டுக்கொண்டிருக்க, வெளியே நாங்கள் செத்தவீடு கொண்டாடினோம்.

கடகம்

"நாங்கள் இன்னும் சாகேல்லை" என்று அவள் சொன்னதும் அழுகை நின்றது.

"அழாதேங்கோ. கூட வாங்கோ" என்றாள்.

யாரும் அசையவில்லை. அவளுடைய உம்மா வாப்பாவின் இடுப்பில் கை கொடுத்து வாசற்படியில் நின்றார். அந்த மனுசனின் நெஞ்சில் எங்கள் மில் பெல்ற் தளர்ந்தபோது வருகிற சத்தம் மாதிரி ஒரு சத்தம். ரிஸ்வானா எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மில்லில் கொப்பியோடு இருந்து பார்க்கிற அதே பார்வை. எழுதப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மா மூடிய முகத்தை மறைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குருநகர் திரேசம்மா தலையில் பனையோலை மீன்கடகத்தோடு ஒழுங்கையில் வந்தார். வீடு வீடாக மீன் விற்கிற மனுசி. எங்கள் மில்லுக்குத் தூள் அரைக்க வருகிறவர். கூட்டத்தைக் கண்டு நின்றார்.

"ஆர் மோனை செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை ஆச்சி. எங்களைப் போகச் சொல்லிட்டாங்கள்" என்றாள் ரிஸ்வானா.

"எவ்விடத்துக்கு?"

"இப்ப மைதானத்துக்கு. அங்காலை தெரியாது."

திரேசம்மா எங்களைப் பார்த்தார். "அப்ப நீங்கள் என்னத்துக்கு நிக்கிறியள்?" என்று கேட்டார். பிறகு கடகத்தை இறக்கி, கிடந்த மீனை வேலியோரத்து வாழையிலையில் கொட்டினார். "பரிமளம், உதை நாய் பூனை கொண்டுபோகாமல் பார்" என்றார். வெறும் கடகத்துக்குள் அவர்களின் பையை வைத்துத் தலையில் தூக்கினார். மற்றக் கையால் வாப்பாவின் முழங்கையைப் பிடித்தார்.

"நட தம்பி. மெல்ல நட. மூச்சை இழுக்கிற இழுப்புக்கு ஒரு அடி, விடுற விடுகைக்கு ஒரு அடி."

மீன்வாடையோடு அந்தப் பை ஒழுங்கையில் போனது.

ரிஸ்வானா கடைசியாகப் படலையைச் சாத்தினாள். கொளுக்கியைப் போட்டாள், பின்னேரம் திரும்பி வருகிறவள் மாதிரி. என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு இந்த வயதில் இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

"மில்லக்கா, உங்களுக்குப் பயம் எண்டுதான் எழுதுவன். மனமில்லை எண்டு எழுதமாட்டன்."

"பிள்ளை..."

"எங்கடை அரிசியை அரைச்சு ஆருக்கும் குடுங்கோ. ஊறினபடி கிடக்கு, புளிச்சுப்போம்."

ஓடிப்போய் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிலர் போடுகிற கணக்கு

அதற்கு ஐந்து வருடம் கழித்து, ஆமி நெருங்கி வர, நாங்களும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். எங்கள் வலிகாமப் பகுதியே ஒரே நாளில் மழைக்குள் எழும்பி நடந்தது உங்களுக்குத் தெரியும். நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் நின்றோம். சாவகச்சேரியில் முன்பின் தெரியாத வீட்டுக்காரர் கஞ்சி தந்தார்கள், விறாந்தையில் படுக்க இடம் தந்தார்கள்.

"முஸ்லிம் சனம் போன மாதிரி நாங்களும் போயிட்டம், சரிக்குச் சரி" என்று பிறகு எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள், கடன் தீர்ந்த மாதிரி. எனக்கு அது பிடிபடவில்லை. நான் நடந்தபோது என்னோடு ஊரே நடந்தது. என் பிள்ளைகளை யார் யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரிஸ்வானா கேட்டதும் அதுதானே? பக்கத்தில் ஒரு ஆள். எனக்கு ஆயிரம் பேர் கிடைத்தார்கள். அவளுக்கு வாக்குக் கொடுத்தவள் படலையில் நின்றாள். இதில் சரிக்குச் சரி எங்கே வருகிறது?

பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பயப்படாதவர் மூளை பிசகினவர். ஆனால் அந்தப் பயம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

திரேசம்மா திரும்பி வந்தது

அன்றைக்கு மில்லை மறுபடி ஓட்டவில்லை. வாசலில் குந்தியிருந்தோம். செவ்வாய்க்கிழமையில் மீனைக் கண்ணாலும் பார்க்காத பரிமளம் மாமி, திரேசம்மாவின் மீனை வெட்டிக் கழுவி உப்புப் போட்டு வைத்திருந்தார். யாரும் அதைப் பற்றிப் பகிடி விடவில்லை.

பொழுதுபட முன்னம் திரேசம்மா வந்தார். கடகம் கக்கத்தில். மில் வாளியில் தண்ணீர் மொண்டு கால் கழுவினார்.

"ஏத்திப்போட்டாங்களோ?" என்று கேட்டேன்.

"ஏத்திப்போட்டாங்கள். லொறியிலை. மனுசனுக்குக் காத்துப் படவேணும் எண்டு நான் போட்ட சத்தத்திலை ஓரத்திலை இடம் விட்டவை."

"உம்மா?"

"காதிலை கிடந்ததைக் கழட்டச் சொன்னாங்கள். கழட்டிக் குடுத்தா. அழேல்லை."

ரிஸ்வானாவைப் பற்றித் திரேசம்மா தானாகச் சொன்னார்.

"பெட்டையின்ரை பையைக் கொட்டிப் பாத்தாங்கள். கொப்பியை ஒருத்தன் எடுத்தவன். இதிலை என்ன எண்டு கேட்டான். 'மில்லுக்கு வாற ஆக்கள்' எண்டாள். அவன் புரட்டிப் பாத்திட்டுத் திருப்பிக் குடுக்கேல்லை. லொறி வெளிக்கிடேக்கை எனக்குக் கை காட்டினவள்."

எங்களைப் பற்றி அவள் எழுதிய நல்ல சொற்கள் எல்லாம் அந்தக் கொப்பியோடு போயின. பயம் என்ற அந்தச் சொல்லை அவள் எழுதினாளோ, எழுத நேரம் கிடைத்ததோ, அதுவும் தெரியாது.

பரிமளம் மாமி சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே கேட்டார். "உன்னை ஒண்டும் செய்யேல்லையோ, திரேசம்மா?"

"என்னையோ? என்னை என்ன செய்யிறது? கடகத்திலை என்ன மீன் எண்டு ஒருத்தன் கேட்டான். மீனில்லை எண்டன். வேறை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

"ஏன் வந்தனி எண்டு கூடக் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

பிறகு பரிமளம் மாமி, சின்னப் பிள்ளையின் குரலில், "அப்ப நாங்களும் வந்திருக்கலாமோ?" என்றார்.

திரேசம்மா கடகத்தைக் கவிழ்த்துத் தட்டினார். கோபமில்லை, குத்தலும் இல்லை. களைத்த குரல்தான்.

"மைதானம் என்ன தூரமே, பரிமளம்?"

அவர் மீனை எடுத்துக்கொண்டு குருநகர்ப் பக்கம் போனார். நாங்கள் எழும்பவில்லை. மில் வாசலில் இருந்து பார்த்தால் ஒழுங்கை முடிகிற இடத்தில் மைதானத்து மதில் தெரியும்.